மலையும் மேகமும் சிறு வானூர்தியும்

மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் தொடர்வண்டி, கர்ஜத்தைக் கடந்ததும் சகியாத்திரி மலைமீது ஏறத் தொடங்குகிறது. மழைக்காலத்தில் அங்கே மேகம் இறங்கிவந்து சன்னலை மூடிவிடும். எனினும், தண்டவாளம் இருப்பதால் வண்டி வழி தவறுவதில்லை. வானூர்திக்கு அத்தகைய தடம் இல்லை.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளுடன் பறந்து வந்து மும்பை ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அவற்றைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். ‘புஸ் மாத்’ என்னும் அச்சிறு வானூர்திக்கு ஒரே ஒரு பொறிதான். ஓட்டுநர் தம் கண்களை நம்பியே மலைகளைக் கடக்க வேண்டியிருந்தது.

மலைப்பகுதியில் சிறு வானூர்திக்கு மூன்று இடர்கள் உண்டு. முதலாவது, உயரே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறையும். அதனால் பொறியின் ஆற்றலும் இறக்கையின் தாங்குதிறனும் குறையும். இரண்டாவது, மலைமுகட்டைக் கடக்கும் காற்று, மறுபுறத்தில் கீழ்நோக்கிப் பாயும்; அது வானூர்தியையும் கீழே அழுத்தும். மூன்றாவது, மேகம் பள்ளத்தாக்கைச் சிறிது நேரத்தில் நிரப்பிவிடும். குறுகிய பள்ளத்தாக்கில் திரும்பவும் இடமிராது.

நேபாளத்திலுள்ள ஜோம்சோம் நிலையம் ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதைவிடக் கால் பங்கு குறைவு. நண்பகலில் காற்று வலுப்பதால் காலையிலேயே வானூர்திகள் பறக்கின்றன. 2022ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் பொக்காராவிலிருந்து அங்குச் சென்ற சிறு வானூர்தி மலையில் மோதியது. இந்தியர் நால்வர் உட்பட 22 பேரும் உயிரிழந்தனர். வானூர்தி மேகத்தினுள் புகுந்து வழி விலகியதும், மலை நெருங்குவதை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவி நிறுத்தப்பட்டிருந்ததும் விசாரணையில் தெரியவந்தன.

பெரிய ஊர்திக்கும் இவ்விடர் உண்டு. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற உலங்கூர்தி குன்னூருக்கு அருகே விழுந்தது. பதினால்வர் உயிரிழந்தனர். எந்திரக் கோளாறு காரணமன்று. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாற, ஊர்தி மேகத்தினுள் புகுந்தது. ஓட்டுநர் திசையுணர்வு தடுமாறினார் என முப்படை விசாரணை கண்டது. நஞ்சப்பசத்திரம் மக்கள் தண்ணீரும் போர்வைகளும் எடுத்துக்கொண்டு உதவ ஓடினர். படையினர் பின்னர் அவர்களுக்கு நேரில் நன்றி கூறினர்.

மேகத்தைக் கண்டதும் திரும்பிவிடும் ஓட்டுநருக்குப் பயணிகளின் முணுமுணுப்பே மிஞ்சும். ஆயினும், உயிர்கள் தப்பும். திரும்புவதற்கு இடமிருக்கும்போதே திரும்ப வேண்டும் என்பதே மலைவழிப் பறத்தலின் முதற்பாடம்.

சொல்லும் பொருளும்
இடர் – ஆபத்து
முகடு – உச்சி
பொறி – எந்திரம்
உலங்கூர்தி – ஹெலிகாப்டர்

பயிற்சி
1. மலைப்பகுதியில் சிறு வானூர்திக்கு நேரும் மூன்று இடர்கள் யாவை?
2. ஜோம்சோமுக்குக் காலையிலேயே வானூர்திகள் செல்வது ஏன்?
3. பிரித்து எழுதுக: அச்சிறு, இவ்விடர்.
4. வானூர்தியைத் திருப்பிவிட்ட ஓட்டுநரிடம் சினம் கொள்ளும் பயணிக்கு நீ என்ன விளக்கம் கூறுவாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.