கால் கிரவுண்டில் மாடி ஏறியவர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நகரமைப்பு அலுவலகத்தில் சேர்ந்ததும் உன் மேசைக்கு முதலில் வருவது வரைபடமாகத்தான் இருக்கும். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 2022-ல் 5,904 ஆக விரித்தார்களே, அந்த வரைபடம். அதில் காலி இடம் ஏராளமாகத் தெரியும். ‘இங்கே பத்தாயிரம் வீடு போடலாமே’ என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறு.

காலி இடத்தில் ஒரே அச்சில் பத்தாயிரம் வீடு போட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடும்பங்களைச் சட்டி பானையோடு லாரியில் ஏற்றி இறக்கினார்கள். வீடு வந்தது, வேலை மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலுமே நின்றுவிட்டது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் விடியற்காலைப் பேருந்துக்கு நிற்கவேண்டும், இல்லையென்றால் வேலையை விடவேண்டும். பலர் விட்டார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கொண்டுபோன இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கம் என்பதையும் சேர்த்துக்கொள். கோப்பில் மட்டும் ‘இலக்கு எட்டப்பட்டது’ என்று இருக்கும்.

இதே ஊர் இன்னொன்றும் செய்திருக்கிறது, அதை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. 1977-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர். அடுத்த கட்டத்தில் முகப்பேர். அங்கே அரசு வீடு கட்டித் தரவில்லை. மனை, சாலை, தண்ணீர், சாக்கடை. ஏழைகளின் மனையில் ஒரு கழிப்பறை. மீதியைக் கையில் காசு வரும்போது கட்டிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். கால் கிரவுண்டுகூடத் தேறாத மனைகள் ஒரு பக்கம், அரை கிரவுண்டும் முழு கிரவுண்டும் இன்னொரு பக்கம், முனைகளில் கடைக்கான இடம். பெரிய மனையையும் கடை மனையையும் சந்தை விலைக்கு விற்ற பணம் சின்ன மனையின் விலையைத் தாங்கியது. ஆரம்பத்தில் ஆட்கள் சீக்கிரம் குடிவரவில்லை. திட்டம் தோற்றதுபோலத்தான் தெரிந்தது. இன்று போய்ப் பார். கூரை போட்டுத் தொடங்கியவர் தளம் போட்டார், பிள்ளை சம்பாதித்ததும் முதல் மாடி ஏறியது, அதற்கு மேல் ஒரு போர்ஷன் வாடகைக்குப் போனது. முதலில் ஒதுக்கீடு வாங்கியவர்களில் பலர் விற்றுவிட்டுப் போனதும் உண்மை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் தெரு பிழைத்தது. ஒரே தெருவில் ஆட்டோ ஓட்டுநரும் வங்கி ஊழியரும் இருக்கும்படி நிலத்தைப் பிரித்த அந்தக் கை, அது உன் தொழிலின் மிக நல்ல வேலைகளில் ஒன்று என்பேன்.

இதிலிருந்து நீ கற்றுக்கொள்ள வேண்டியது மனைத் திட்டத்தை அப்படியே நகல் எடுப்பது அல்ல. அன்றைய நில விலை இன்று கிடையாது. எடுத்துக்கொள்ள வேண்டியது, சின்ன மனையும் பெரிய மனையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த அந்தக் கலப்பு.

கலப்பு என்றால் வாடகை வீடும் சேர்த்துத்தான். மலிவு வீடு என்றதும் நம் ஆட்களுக்குச் சொந்த வீடு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. இந்த ஊரை இத்தனை காலம் தாங்கியது வாடகை. ஒண்டிக் குடித்தனம், ஸ்டோர் வீடு, திருவல்லிக்கேணி மேன்ஷன், வட சென்னையில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருக்கும் லீஸ் வீடு, வீட்டுக்காரர் மாடியில் தகரம் போட்டு விடும் ஒற்றை அறை. வசதி குறைவுதான், பொதுக் கழிப்பறையை நான் புகழப்போவதில்லை. ஆனால் ஊருக்குப் புதிதாக வருகிறவன் காலூன்றியது அங்கேதான். பழைய வீட்டை இடித்து நாலு இரட்டைப் படுக்கையறை ஃபிளாட் போடும்போது, அங்கே இருந்த ஏழெட்டுக் குடித்தனங்கள் எந்தக் கணக்கிலும் வராமல் காணாமல் போகின்றன. அந்தக் கணக்கை நீ எடு. பத்து மாத அட்வான்ஸ், ஒரு மாத புரோக்கர் கமிஷன், ‘ஃபேமிலி ஒன்லி’ பலகை ஆகியவையும் வீட்டுப் பிரச்சினைதான், வரைபடத்தில் தெரியாது.

தனியாக வேலைக்கு வரும் பெண்களை எடுத்துக்கொள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கைபேசித் தொழிற்சாலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, அதற்குக் காரணம் சம்பளமல்ல, விடுதிச் சாப்பாடும் தங்குமிடமும். அதற்குப் பிறகுதான், 2024-ல், வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. நல்லதுதான். தொழிற்சாலை அனுமதிக் கோப்பில் படுக்கை எண்ணிக்கையையும் கேட்டிருந்தால் அந்த மறியல் தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்று, சலிப்பான விஷயம், ஆனால் உன் கையில் இருப்பது: கார் நிறுத்துமிடம். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். அது உள்ளே வந்து திரும்ப வழியையும் சேர்த்தால் ஒற்றை அறை வீட்டளவுக்குப் போய்விடும். அந்தச் செலவு சதுர அடி விலையில் ஏறுகிறது. பைக்கில் போகிறவனும் அதைக் கட்டுகிறான். மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டிடப் பரப்பைக் கூட்டிக் கொடுக்கும்போது, கூடுதலாக வந்ததில் எத்தனை சிறிய வீடு என்று கேட்டு எழுதி வாங்கு. கேட்காவிட்டால் அங்கே வருவது மூன்று படுக்கையறையும் இரண்டு காருமாகத்தான் இருக்கும்.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரைதான். அடுத்ததில் நீ எழுதும் ஒரு வரி இருபது வருஷம் நிற்கும். அதற்குமுன் முகப்பேருக்கு ஒரு தடவை போய்விட்டு வா. அலுவலக நேரத்தில் ஜீப்பில் போகாதே, எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். சாயந்தரம் ஆறரைக்கு மேல் பேருந்தில் போ. சின்ன மனைப் பக்கம் நட, பெயின்ட் வேறுபடும் மாடிகளைப் பார், எந்த மாடி எந்த வருஷம் ஏறியது, மேலே குடியிருப்பவர் என்ன வாடகை தருகிறார் என்று கேள். சொல்வார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்