உடற்பயிற்சிக் கூடத்து வாடிக்கையாளரும் நம் பருப்பு மூட்டையும்

இன்று ஓரளவு பெரிய ஊர் எதிலும் பஸ் நிலையத்திலிருந்து நாலு தெரு நடந்தால் ஓர் உடற்பயிற்சிக் கூடம் கண்ணில் படும். ஜிம் என்று பலகை தொங்கும். இது நமக்குச் சம்பந்தமில்லாத தொழில் என்று நம் வணிக நண்பர்கள் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல என்பது நம் கருத்து. அங்கே எடை தூக்குகிறவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். பயிற்சி தரும் மாஸ்டர் அவருக்கு எழுதிக் கொடுக்கிற சீட்டில் பாதிப் பொருள் நம் கடை மூட்டையில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டு நம்மிடம் வருவதில்லை. பெரிய ஊர்களில் செல்போனில் தட்டினால் பத்து இருபது நிமிடத்தில் பொருள் வாசலுக்கு வந்துவிடுகிறது. மாதம் தவறாமல் ஒரே பொருளை, ஒரே அளவில் வாங்குகிற வாடிக்கையாளர் மளிகைக்குக் கிடைப்பது அபூர்வம். அப்படிப்பட்டவர் கை நழுவிப் போவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இது புதிய வியாபாரமும் அல்ல. கர்லாக்கட்டை சுற்றியவர்களும் தண்டால், பஸ்கி எடுத்தவர்களும் இரவில் கருப்புக் கொண்டைக்கடலையை ஊறவைத்து விடிந்ததும் மென்றவர்கள்தான். 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் பெற்ற வங்காளத்து மனோகர் ஐச், ஐந்தடிக்கும் குறைவான உயரம் கொண்டவர். நூறு வயதைக் கடந்து 2016இல் காலமானார். சோறு, பருப்பு, காய்கறி, மீன், பால் இவைதான் தம் சாப்பாடு என்று சொல்லிவந்தவர். ஆக, சரக்கு பழைய சரக்குதான். கேட்கிறவர் மட்டும் கணக்கோடு கேட்கிறார். "அண்ணாச்சி, நூறு கிராமில் எத்தனை கிராம் புரோட்டீன்?" என்று ஒரு தம்பி கேட்டால் நாம் விழிக்கக்கூடாது. அதற்காகத்தான் இந்தப் பாடம்.

புரோட்டீன் என்பது புரதம். தசை வளரவும் தேய்ந்ததைச் சரிசெய்யவும் உடலுக்கு அது வேண்டும். சாதாரண ஆளுக்கு அவருடைய எடையில் கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 0.83 கிராம் என்று ஐ.சி.எம்.ஆர். 2020இல் அளவு சொன்னது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 58 கிராம் வருகிறது. கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு விளையாட்டு உணவியல் வல்லுநர்கள் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை சொல்கிறார்கள். அதே 70 கிலோ ஆளுக்கு 98 முதல் 140 கிராம் ஆகிவிடும். மாஸ்டர்கள் பெரும்பாலும் இந்த மேல் கணக்கை வைத்துத்தான் சீட்டு எழுதுகிறார்கள்.

இனி நம் சரக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். சமைக்காத உலர்ந்த பொருள் 100 கிராமுக்கு, ஏறக்குறையச் சொன்னால், பொரிகடலையில் 22 கிராம் (வடக்கே இதைப் பொட்டுக்கடலை என்பார்கள்), கொள்ளில் 22, பாசிப்பயறில் 23, நிலக்கடலையில் 24, கருப்புக் கொண்டைக்கடலையில் 18 அல்லது 19. சோயா உருண்டையில் 50 கிராமுக்கு மேல். அரிசியில் 7 அல்லது 8தான். கேழ்வரகிலும் 7தான், அதன் பெருமை சுண்ணாம்புச் சத்தில் இருக்கிறது. முட்டை ஒன்றுக்கு 6 கிராம். வெந்த சுண்டலைக் கிண்ணத்தில் எடுத்து வைத்து இந்தக் கணக்கைப் போடக்கூடாது. கடலை ஊறி வெந்ததும் தண்ணீர் ஏறி எடை இரட்டிப்புக்கும் மேல் போய்விடும். உலர்ந்த எடைதான் கணக்கு.

விலைக்கும் கணக்கு உண்டு. ஒரு கிலோ பொரிகடலையில் 220 கிராம் புரதம். உங்கள் விற்பனை விலையை 220ஆல் வகுத்தால் ஒரு கிராம் புரதம் என்ன விலை என்று தெரிந்துவிடும். சத்துமாவு டப்பாவின் விலையையும் அதில் அச்சிட்டிருக்கும் புரத அளவால் வகுத்துப் பாருங்கள். இரண்டையும் ஒரு தாளில் எழுதி எடைமேடைக்கு மேலே ஒட்டிவிட்டால் நீங்கள் பேசவே வேண்டாம். தாளே வியாபாரம் பேசும்.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். பருப்பில் புரதத்தோடு மாவுச்சத்தும் நிறைய இருக்கிறது. பயறுகளில் பாதிக்கு மேல் அதுதான். நிலக்கடலையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய். 100 கிராம் தின்றால் 550 கலோரிக்கு மேல் ஏறும். எடையைக் குறைக்க வந்த அம்மாவுக்கு நிலக்கடலையை மடி நிறைய அள்ளிப் போட்டு அனுப்பினால் அடுத்த மாதம் அவர் நம் கடைப்பக்கம் வரமாட்டார். பருப்பில் குறைகிற சத்து அரிசியில் இருக்கிறது, அரிசியில் குறைகிறது பருப்பில் இருக்கிறது. ஆகையால் பொங்கலும் இட்லியும் தனிப் பருப்பைவிட மேல். இதையும் சொல்லுங்கள், அரிசியும் விற்கும்.

நம்மிடம் சரக்கு எடுக்கிற சில்லறைக் கடைக்காரர் ஒருவர், கூடம் இருக்கிற தெருமுனையில் கடை வைத்திருக்கிறார். முன்பு ஏழு மணிக்குக் கதவைத் திறப்பார். கூடத்துக்குப் போகிறவர்கள் ஐந்தரைக்கே வந்துவிடுகிறார்கள் என்று பார்த்து, ஐந்தேகாலுக்குத் திறக்க ஆரம்பித்தார். முளைகட்டிய பாசிப்பயறு, ஊறிய கொண்டைக்கடலை, அவித்த முட்டை, வாழைப்பழம் நான்கையும் வைத்தார். அதில் லாபம் பெரிதாக இல்லை. மீந்தால் நஷ்டமும் உண்டு. ஆனால் வந்தவர்கள் மாதச் சாமானையும் அங்கேயே எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவருடைய கொள்ளு, பாசிப்பயறு எடுப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆனதை நம் பேரேட்டிலேயே பார்த்தோம்.

சரக்கின் தரத்தில் இந்த வாடிக்கையாளர் கறாரானவர். பழைய கடலை ஊறாது. எட்டு மணி நேரம் கிடந்தாலும் கல்லுப் போலக் கிடக்கும் மணிகள் இருக்கும். சமைக்கிற வீட்டில் குக்கர் அதை மறைத்துவிடும். பச்சையாக மெல்லுகிறவர் பல்லில் மாட்டிக்கொள்ளும். கொள்முதலுக்கு முன் லாட்டிலிருந்து நூறு மணிகளை எண்ணி இரவில் ஊறப்போடுங்கள். காலையில் ஊறாதவற்றை எண்ணுங்கள். ஐந்தாறு இருந்தால் பரவாயில்லை. பதினைந்து இருபது என்றால் அந்த லாட் மாவு மில்லுக்குத்தான் போக வேண்டும். முளைகட்டுவதற்கும் இதே சோதனைதான். பூச்சி அரித்த பயறு முளைக்காது. கொள்ளில் கல் பார்க்க வேண்டும், களத்து மண்ணும் சேர்ந்து வரும். பொரிகடலை மழைக்காலத்தில் நமுத்துவிடும். பத்து நாள் விற்பனைக்கு மேல் எடுத்து வைக்க வேண்டாம்.

நிலக்கடலைதான் எல்லாவற்றிலும் கவனம் கேட்கிற சரக்கு. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் அவித்தாலும் முழுவதும் போகாது. சுருங்கிய, நிறம் மாறிய, கசப்பு வாடை வருகிற பருப்பைப் புடைத்து எடுத்து எறிந்துவிடுங்கள். நல்ல பருப்போடு கலந்து தள்ளிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் நம் தொழிலில் உண்டு. தினமும் ஒரு கைப்பிடி தின்கிற ஆளுக்கு அது என்ன செய்யும் என்று அவர்கள் யோசிக்க வேண்டும்.

அடுத்து டப்பா வியாபாரம். கூடத்துக்குப் பக்கத்தில் கடை இருந்தால் யாராவது ஒருவர் வந்து, பவுடர் டப்பா வைத்துக்கொள்ளுங்கள், நல்ல கமிஷன் தருகிறேன் என்பார். தசை வளர்க்க இந்தப் பவுடர்களை நாட வேண்டாம் என்று ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. முறையான கம்பெனி டப்பாவை பில்லோடு வாங்கி விற்பது சட்டப்படி குற்றமல்ல. அதில் உரிம எண், தயாரித்தவர் முகவரி, மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல என்ற வாசகம் எல்லாம் இருக்க வேண்டும். லேபிள் இல்லாத பொட்டலம், பிரித்துக் கட்டிய பவுடர், பெயர் தெரியாத மாத்திரை எதுவும் கடைக்குள் வரக்கூடாது. ஒரு பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கொடுத்தவன் ஊரில் இருக்கமாட்டான். கடையும் பெயர்ப்பலகையும் நம்முடையவை.

நாமே சத்துமாவு அரைத்துப் பாக்கெட் போட்டாலும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ வேண்டும். நிகர எடை, பாக்கெட் போட்ட மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, முகவரி எல்லாம் அச்சிட வேண்டும். பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய பருப்பும் மாவும் 2022 ஜூலை 18 முதல் வரிக்குள் வந்துவிட்டதால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரை குணமாகும், மூட்டுவலி போகும் என்று லேபிளில் எழுதவே கூடாது. வாயாலும் சொல்ல வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வந்து புரதம் கேட்டால் டாக்டரிடம் அனுப்புவதே முறை.

மாஸ்டரைப் பற்றியும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவரும் நம்மைப் போலச் சிறு தொழில்காரர்தான். வாடகை, கரண்டு பில், இயந்திரத்துக்கு வாங்கிய கடன் எல்லாம் அவருக்கும் உண்டு. ஜனவரியில் கூட்டம் தள்ளும், மார்ச்சில் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஆள் அனுப்புகிறேன், தலைக்கு இவ்வளவு கொடுங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்தக் காசு கடைசியில் வாடிக்கையாளர் தலையில்தான் விழும், தெரிந்தால் இருவர் பெயரும் கெடும். அதற்குப் பதில், கூடத்து உறுப்பினர் யார் வந்தாலும் கிலோவுக்கு இவ்வளவு குறைவு என்று வெளிப்படையாக எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். தம்மிடம் சேருகிறவருக்குக் கிடைக்கிற சலுகை என்று அவர் அதைச் சொல்லிக்கொள்ளலாம். கூடத்தின் பேரில் பற்று எழுத வேண்டாம். தனி ஆளுக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம்.

கூடத்துக்கும் நமக்கும் பொருந்துகிற இன்னொரு யோசனை இருக்கிறது. இதை நம் சங்கமே எடுத்து நடத்தலாம். காலை ஒன்பதுக்கு மேல் மாலை ஐந்து வரை கூடம் காலியாகக் கிடக்கிறது. வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்கோ மதியம் இரண்டு முதல் நாலு வரை வியாபாரம் மந்தம். நம்மில் பலர் அந்த நேரத்தில் கல்லாவிலேயே தலை சாய்க்கிறோம். நாம் ஒரு நாளில் பன்னிரண்டு பதினான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது, டீயும் வடையும் எட்டிய தூரத்தில். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று கணக்குச் சொன்னது. நம் கடைத்தெருவில் மாத்திரைப் பெட்டி இல்லாத கல்லா எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கவோ அதற்கு ஈடான உழைப்போ வேண்டும், வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. வாரம் மூன்று மதியம் 50 நிமிடம் போனால் கணக்குச் சரியாகிவிடுகிறது.

சங்கத்திலிருந்து இருபது பேர் சேர்ந்து, மதிய நேரத்துக்கு மட்டும் என்ன கட்டணம் என்று மாஸ்டரிடம் பேசினால் பாதிக்குக் கூடச் சம்மதிப்பார். காலியாகக் கிடக்கிற நேரம்தானே. சாப்பிட்ட உடனே போகக்கூடாது, பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டை முடித்துக்கொள்ள வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். டாக்டரைக் கேட்டுவிட்டு, சட்டைப்பையில் இரண்டு மிட்டாயோடு போக வேண்டும். நாற்பது வயது தாண்டியவர்கள் இதயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மூட்டை தூக்குகிற நம் பணியாளர்களையும் சேர்க்க வேண்டும். முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சுமையை உடம்போடு அணைத்துத் தூக்குவது எப்படி என்று மாஸ்டர் அரைமணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார். அந்த அரைமணிக்கு அவருக்குத் தனியாகப் பணம் கொடுத்துவிட வேண்டும். இலவசமாகக் கேட்க வேண்டாம்.