நாளுக்கு ஒரு சொல், நாளுக்கு ஒரு படம்

மைசூரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களின் கைபேசியில் அரண்மனை இருக்கும், சாமுண்டி மலை நந்தி இருக்கும், பிலோமினா தேவாலயம் இருக்கும். ஊர் இருக்காது. ஊரைப் பார்க்க நான் அறிந்த நல்ல வழி, ஒரு மாதம் தினமும் ஒரு சொல்லுக்கு ஒரு படம் எடுப்பது.

முதலில் சொற்களைச் சேருங்கள். நண்பர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து முப்பது சீட்டு எழுதிக் குலுக்கி, காலையில் ஒன்றை எடுத்தால் போதும். ‘யானை’, ‘கோபுரம்’ என்று பொருளின் பெயரை எழுதாதீர்கள். எல்லோரும் ஒரே படத்தோடு வருவீர்கள். ‘ஈரம்’, ‘பாதி’, ‘மஞ்சள்’, ‘காத்திருப்பு’ என்று எழுதுங்கள். ‘காத்திருப்பு’க்கு ஒருவர் நகரப் பேருந்து நிலையம் போவார். இன்னொருவர் சவாரிக்கு நிற்கும் ஜட்கா வண்டிக் குதிரையை எடுப்பார். மூன்றாமவர் வீட்டை விட்டே கிளம்பாமல், பால் பொங்கும் நேரம் பார்த்து அடுப்பருகே நிற்கும் அம்மாவை எடுத்திருப்பார். பெரும்பாலும் அந்த மூன்றாவது படம்தான் நெஞ்சில் நிற்கும்.

விதி ஒன்றுதான்: படம் அன்றைக்கே எடுத்ததாக இருக்க வேண்டும். பழைய படத்தைத் தேடி எடுத்துப் போடக் கூடாது. ஒரு நாள் தவறினால் விட்டுவிட்டு மறுநாள் சீட்டோடு தொடருங்கள். மைசூரில் பிறந்த ஆர்.கே. லக்ஷ்மண் 1951-இல் நாளிதழில் தொடங்கிய, ஒரே கட்டத்துக்குள் அடங்கும் சின்னக் கேலிச்சித்திரத்தைப் பல பத்தாண்டுகள் வரைந்தார். அன்றன்றைய கெடு அவர் கண்ணைக் கூர்மையாக்கியது என்றே நினைக்கிறேன்.

எடுக்கும் முறைக்கு வருவோம். தேவராஜா மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போங்கள். கூம்பு கூம்பாகக் குவித்த குங்குமத்தை எல்லோரும் எடுத்தாயிற்று. பூக்கடை வரிசையில் மல்லிகை கட்டும் விரல்களைப் பாருங்கள். லென்ஸைத் துணியால் துடையுங்கள். திரையில் அந்த விரல்களைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே குறையுங்கள். பூவின் வெள்ளை வெளிறாது. “ஃபோட்டோ தெகிபஹுதா?” என்று கன்னடத்தில் கேட்காமல் யாரையும் எடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் ஒரு முழம் வாங்கிக்கொண்டு நகருங்கள்.

அரண்மனை விளக்குகள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும், வழக்கமாக இரவு ஏழு மணிக்கு எரியும். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள். ஜூன், ஜூலையில் அந்த நேரம் சூரியன் சற்று முன்புதான் மறைந்திருக்கும். மேகம் விலகினால் பின்னால் வானம் நீலமாக நிற்கும். டிசம்பரில் அதே ஏழு மணிக்குக் கும்மிருட்டு. விளக்கு எரியும் முதல் நிமிடத்தில், கைகளைச் சுவரில் ஊன்றிக்கொண்டு எடுங்கள்.

இரவில் அன்றைய படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுங்கள். வைத்துக்கொண்ட படத்தின் கீழே இடம், தேதி, மணி மூன்றையும் எழுதுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பத்து ஆண்டு கழித்துப் படத்துக்கு மதிப்புத் தருவது அந்த ஒரு வரிதான்.

சோர்வு வந்தால் டி.எஸ். சத்யன் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். 1923-இல் இதே ஊரில் பிறந்தவர், ‘லைஃப்’ இதழுக்குப் படம் எடுத்தவர். அவர் கேமரா அதிகம் நின்றது சாதாரண மனிதர்கள் முன்னால்தான்.

‘பழையது’ என்ற சீட்டு வரும் நாளில் கட்டடங்களுக்குப் போங்கள். 2012-இல் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து உயிர்கள் போயின. 2016-இல் தேவராஜா மார்க்கெட்டின் ஒரு பகுதி விழுந்தது. இடிப்பதா பழுதுபார்ப்பதா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வளைவுகளையும் மரத்தூண்களையும் கடைப் பலகைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, தேதியோடு வையுங்கள். அந்த ஒரு நாள் மட்டும் ஒரு படம் போதாது.