வாக்காளர் அடையாளமும் அவையோர் வாதமும்

'வாக்கு' என்னும் சொல் நம் மொழியில் இருபொருள் தந்து நிற்கின்றது. மாந்தர் வாயினின்று பிறக்கும் மொழியும் வாக்கே. குடிமக்கள் தேர்தற்காலத்து அளிக்கும் ஒப்புதலும் வாக்கே. மேனாட்டார் வழங்கும் 'ஓட்டு' என்னும் சொல்லோ, இலத்தீன் மொழியில் நேர்த்திக்கடனையும் விருப்பத்தையும் குறித்த ஒரு சொல்லினின்று தோன்றியது. அவர்க்கு அது விருப்பம். நமக்கு அது பேச்சு. ஒருவருடைய வாக்குரிமையைப் பறித்தல் அவரை ஊமையாக்குதலை ஒக்கும் என்னும் உண்மை நம் சொல்லகத்தேயே பொதிந்து கிடத்தல் காண்க.

இவ்வாக்கினைப் பற்றி இக்காலத்து இரண்டு வினாக்கள் எழுகின்றன. வாக்களிக்க வருபவர் இன்னார் என்பதை அரசு எங்ஙனம் அறிதல் வேண்டும் என்பது ஒன்று. அதற்குரிய விதியை வகுக்கும் அவையிலே, மறுத்துரைப்பார்க்கு எத்துணைக் காலம் பேச இடந்தருதல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்போலத் தோன்றினும், ஒன்றையொன்று பற்றிக்கொண்டே நிற்பன என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது நூலன்று, எம் ஊரே. திருவண்ணாமலை மாவட்டத்தில், சவ்வாது மலையிற் பிறந்து வரும் செய்யாற்றின் கரையில் அமைந்தது கலசப்பாக்கம். இரதசப்தமியன்று அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஆற்றுத்துறை அதுவே. சட்டமன்றத் தொகுதியொன்று அவ்வூர்ப் பெயராலேயே வழங்குகின்றது. மேற்கே நோக்கின் மலைத்தொடர். அம்மலைமேல் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் சிற்றூர்களில் வாழ்கின்றனர். சாமையும் தினையும் விளையும் நிலம் ஆண்டு முழுதும் சோறிடாமையால், அவருட் பலர் குடும்பத்தோடு பிறநாட்டுத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்று மீள்வர்.

2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள், தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கிற்று. வீடுதோறும் கணக்கெடுப்புப் படிவம் வந்தது. 2002, 2005 ஆண்டுகளிற் செய்த பழைய பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ இருத்தலைக் கண்டு, அதனை மக்கள் குறித்துத் தருதல் வேண்டும். எமக்கு வயது 19, வாக்குரிமை புதிது. விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த யாமும் தோழர் இருவரும், எழுத்தறியாதார்க்கு உதவும்பொருட்டு மலையடிவாரத்து ஊரொன்றில் ஒரு திண்ணையில் அமர்ந்தோம்.

மலையினின்று இறங்கிவந்த மூதாட்டி ஒருவர் தம் அட்டையை நீட்டினார். அட்டையில் ஒரு பெயர். பழைய பட்டியலில் வேறொரு பெயர். முன்னது பெற்றோர் இட்டது. பின்னது ஊரார் அழைப்பது. "இரண்டும் நீங்கள்தானா, பாட்டி?" என்று வினவினோம். "நான் ஒருத்திதான் தம்பி, கூப்பிடுகிறவர்கள்தாம் இரண்டு பேர்" என்றார் அவர். அவ்விடைக்கு எம்மிடம் மறுமொழி இல்லை. கணவர் பெயரும் ஊரும் ஒத்திருந்தமையால் அவர் படிவம் ஒருவாறு நிறைவுற்றது. பின்னர் அவர் தம் அயல்வீட்டாரைப் பற்றிக் கேட்டார். அவ்வீடு பூட்டிக் கிடந்தது. நால்வரும் குடகுநாட்டுக் காப்பித் தோட்டத்திற்குச் சென்றிருந்தனர். அவர்க்காகக் கையெழுத்திட உறவினர் எவரும் அங்கில்லை.

டிசம்பர் 19ஆம் நாள் வரைவுப் பட்டியல் வெளிவந்தது. 6 கோடியே 41 இலட்சமாக இருந்த தமிழ்நாட்டு வாக்காளர் தொகை 5 கோடியே 43 இலட்சமாகக் குறைந்திருந்தது. நீங்கிய பெயர்கள் ஏறத்தாழ 97 இலட்சம். இறந்தோர் சுமார் 27 இலட்சம்; ஈரிடத்துப் பதிவுற்றோர் 3 இலட்சத்திற்கு மேல்; எஞ்சிய 66 இலட்சத்தினர் இடம்பெயர்ந்தோர் அல்லது காணப்படாதோர் எனக் குறிக்கப்பட்டனர். மூதாட்டியின் பெயர் பட்டியலில் இருந்தது. அயல்வீட்டு நால்வர் பெயரும் இல்லை. மீளச் சேர்த்தற்குப் படிவம் உண்டு. ஆயின் அதன்பொருட்டு மலைக்குத் திரும்புவோர் கூலியை இழத்தல் வேண்டும்.

இது பற்றி எவரையும் பழித்தல் எம் கருத்தன்று. இறந்தார் பெயர் நீங்காத பட்டியல் கள்ள வாக்குக்கு விளைநிலமாம்; ஆதலின் திருத்தம் வேண்டற்பாலதே. ஆயினும், திருத்துங்கால் மெய்ம்மையை நிறுவும் சுமையை யார் தலைமேல் ஏற்றுவது என்பதே வினா. அவ்வினாவிற்கு விடை காணச் சிறிது பின்னோக்கிச் செல்வோம்.

தமிழ்நாட்டில் தேர்தல் விதி புதியதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். எடுத்த ஓலையை வாங்குவோர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும் என்பது விதி. கரவுக்கு இடமின்மையை ஊரார் கண்ணாரக் காணவே இவ்வேற்பாடு. முன்னர்க் கணக்குக் காட்டாதோர்க்கு அங்கே இடமில்லை.

எத்துணைச் சிறந்த காவல்! ஆயினும் அவ்வூர் அந்தணர் சபை. இறை செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையார் பெயரே ஓலையில் ஏறிற்று. நிலத்தை உழுதவனும் பெண்டிரும் குடத்திற்கு அப்பாலே நின்றனர். உள்ளே வஞ்சகம் புகாமற் காத்த விதி, வெளியே நிற்பார் யார் என்று வினவிற்றில்லை. தகுதி விதிகள் யாவற்றினும் இவ்விரு முகங்களும் உள என்பதை நாம் மறத்தலாகாது.

ஆங்கில ஆட்சிக்காலத்துச் சென்னை மாகாணத்திலும் சொத்தும் வரியும் கல்வியுமே வாக்குரிமைக்கு வாயில்களாயின. விடுதலைக்குப்பின் அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பு அவ்வாயில்களைத் தகர்த்து, வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்களித்தது. 21 என்றிருந்த வாக்காளர் வயது, 61ஆம் திருத்தத்தால் 1989இல் 18 ஆயிற்று. எம்போன்ற மாணவர் வாக்குப் பெற்றது அதனாலேயாம்.

ஆயினும் உரிமை வேறு, பதிவு வேறு. 1951-52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலிற் பதிவுபெற்றோர் 17 கோடியே 30 இலட்சத்தினர். அப்பொழுது வடநாட்டுப் பெண்டிர் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதச் செய்தனர். அங்ஙனம் பெயரின்றிப் பதிவுற்றாரை ஏற்றல் இயலாதென்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் தெளிவாக்கினார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்டிர் அத்தேர்தலில் வாக்கிழந்தனர். அவர் மெய்யான குடிகளே, போலிகள் அல்லர். ஆயினும், அரசு கேட்ட வடிவிலே தம்மைக் காட்ட இயலாது போயினர். மலையினின்று வந்த மூதாட்டியின் இரு பெயரைக் கண்டபொழுது எம் நினைவிற்கு வந்தவர் இவரே.

ஒளிப்பட அடையாளச் சீட்டின் வரலாறும் இத்தகையதே. 1960இல் கல்கத்தாவின் ஒரு மக்களவைத் தொகுதியில் அதனை முதலிற் சோதித்தனர். மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டாருள் இரண்டு இலட்சத்தினர்க்குச் சிறிது மிகுதியானோரையே படமெடுக்க முடிந்தது, திட்டம் கைவிடப்பட்டது. 1993இல் தி. நா. சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்தபொழுது மீளவும் ஆணை பிறந்தது, இம்முறை வேரூன்றிற்று. காலப்போக்கில் ஆணையம் ஒரு நல்வழி கண்டது: அச்சீட்டு இல்லாதார் வேறு சில சான்றுகளுள் ஒன்றைக் காட்டியும் வாக்களிக்கலாம் என்றது. பட்டியலிற் பெயருடையாரை அறிவிப்பின்றி நீக்கலாகாது. தம் வழக்கை எடுத்துரைக்க அவர்க்கு வாய்ப்பளித்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லால் பாபு உசேன் வழக்கில் 1995இல் தீர்ப்பளித்தது.

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், வாக்காளர் பட்டியலை ஆதார் எண்ணோடு இணைத்தற்குரிய மசோதா மக்களவையில் அறிமுகமாயிற்று. போலிப் பதிவுகள் ஒழியும் என்றது அரசு. ஆதார் குடியுரிமைச் சான்றன்று, தனியுரிமைக்கு ஊறு நேரும், எளியோர் பெயர் நீங்கும் என்றனர் எதிர்க்கட்சியினர். நிலைக்குழுவிற்கு அனுப்பி ஆராய்தல் வேண்டும் என்றும் கேட்டனர். அன்றே மக்களவையில் அது நிறைவேறிற்று. மறுநாள் மாநிலங்களவையில் எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்ய, குரல் வாக்கெடுப்பால் நிறைவேறிற்று. கோடிக்கணக்கானோர் வாக்கைப் பற்றிய விதி இரண்டே நாளில் முடிந்தது. அதுவும் வாக்குகளை எண்ணாமல், ஓசையைக் கேட்டு!

நம் நாடாளுமன்றத்தில் விவாதத்திற்குரிய நேரத்தை முன்னரே வகுப்பர். வாதத்தை முடித்தற்கும் பெரும்பான்மையோர்க்கு வழியுண்டு. ஆதலின் சிறுபான்மையோர் பேசிப்பேசியே ஒரு மசோதாவைத் தடுத்தல் இங்கு இயலாது. அமெரிக்காவின் செனெட்டு சபையிலோ அஃது இயலும். அதற்கு அவர் இட்ட பெயர் 'பிலிபஸ்டர்'. கடற்கொள்ளைக்காரரைக் குறித்த டச்சுச் சொல்லொன்று ஸ்பானிய மொழி வழியே வந்து இவ்வுருப்பெற்றது என்பர்; அவையைக் கைப்பற்றி நிற்றலின் இப்பெயர் பொருந்துவதே. 1917 வரை அதனை அடக்க விதியே இல்லை. அவ்வாண்டு, வந்திருப்போருள் மூன்றில் இருபங்கினர் இசையின் வாதத்தை முடிக்கலாம் என்றனர். 1975இல் அதனை ஐந்தில் மூன்று பங்காக்கினர். நூற்றுவர் அவையில் அறுபதின்மர் வேண்டும் என்பது அதன் பயன்.

நீண்ட வாதம் எளியோர்க்கு அரண் என்று கருதுவார் அந்நாட்டு வரலாற்றைக் காணல் வேண்டும். தென்னாட்டுக் கறுப்பின மக்களின் வாக்கைக் காக்க 1890இல் கீழவையில் நிறைவேறிய லாட்ஜ் மசோதா, செனெட்டில் இவ்வாறே பேசிக் கொல்லப்பட்டது. அம்மக்களின் வாக்குரிமைக்காக 1957இல் வந்த சட்டத்தை எதிர்த்து, ஸ்டிராம் தர்மண்டு என்பார் 24 மணி 18 நிமிடம் இடைவிடாது பேசினார். 1964இல் குடிசார் உரிமைச் சட்டத்தை அறுபது வேலைநாள் மறித்து நின்ற வாதம், 71க்கு 29 என்னும் வாக்கால் முடிவுற்றது. 2022 ஜனவரியில் வாக்குரிமையை விரிக்கும் மசோதாவும் அறுபதின்மரைப் பெறாமையால் வீழ்ந்தது.

இனி மறுபுறம் காண்க. வாக்காளராய்ப் பதிவோர் குடியுரிமைக்கு ஆவணச் சான்று காட்டல் வேண்டும் என்னும் மசோதா, 2025 ஏப்ரல் 10ஆம் நாள் அந்நாட்டுக் கீழவையில் 220க்கு 208 என்னும் வாக்கால் நிறைவேறிற்று. ஆவணமில்லா எளியோர் வாக்கிழப்பர் என்று அஞ்சியோர்க்கு, செனெட்டின் அதே அறுபதின் தடை அரணாயிற்று. முன்னர் எளியோர் வாக்கைத் தடுத்த கருவியையே இப்பொழுது எளியோர் சார்பினர் பற்றிநிற்கின்றனர். கத்தி கனியையும் அறுக்கும், கையையும் அறுக்கும். ஆகவே முடிவிலாப் பேச்சு தன்னளவில் அறமுமன்று, மறமுமன்று. மேலும், இந்நாளில் அங்கே நின்று பேசவும் வேண்டுவதில்லை. தடுப்போம் என்று அறிவித்தலே பெரும்பாலும் போதும். பேச்சாகப் பிறந்தது, பேச்சையே ஒழித்துவிட்டது!

அமெரிக்காவில் முடிக்க இயலா வாதம். இங்கோ தொடங்கற்கரிய வாதம். 2025இல் பீகார் நாட்டுப் பட்டியல் திருத்தம் பற்றி விவாதிக்க மழைக்காலக் கூட்டத்தொடர் முழுதும் எதிர்க்கட்சிகள் வேண்டின. ஆணையம் தன்னுரிமையுடைய அமைப்பு, வழக்கும் நீதிமன்றத்தில் உள்ளது என்று காரணங் கூறப்பட்டது. ஆரவாரத்தில் நாட்கள் கழிந்தன. டிசம்பர் 9, 10 ஆகிய நாட்களிலேயே மக்களவையில் தேர்தற் சீர்திருத்தம் பற்றிய விவாதம் நிகழ்ந்தது. அதற்குள் நம் மலையூர்களிற் படிவங்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டன.

எம் முடிபு இது. வாக்காளர் அடையாளம் வேண்டும். ஆயின் அதனை நிறுவும் சுமையிற் பெரும்பகுதியை அரசே ஏற்றல் வேண்டும். பூட்டிய கதவு இறந்தமைக்குச் சான்றன்று. ஒரு சான்று இல்லாதார்க்கு மறுசான்று உண்டு என்னும் பழைய நல்வழியை விரித்தல் வேண்டும். அத்தகைய விதி வகுக்கும் மசோதா குழுவிற்குச் செல்லல் வேண்டும். வாதத்திற்குப் போதிய காலமும், முடிவிற்கு ஒரு நாளும் குறித்தல் வேண்டும். முடிவு ஓசையால் அன்றி எண்ணிக்கையால் அமைதல் வேண்டும். ஏனெனின், அவையிற் செய்யும் வாதத்தை நேரப்போக்கு என்பார் ஒன்றை மறந்தனர்: மலைமேல் இருப்பவர் அவைக்கு வர இயலாது, அவர்க்காக ஒருவர் எழுந்து பேசும் அச்சிறு பொழுதே அவர் அவையில் இருக்கும் பொழுது.

காப்பித் தோட்டத்து நால்வரும் தைத்திங்களில் மீள்வர் என்றார் மூதாட்டி. அவர்க்கெனச் சேர்ப்புப் படிவங்கள் நான்கை அவர் கையிற் கொடுத்துவந்தோம். அவற்றை மடித்து, தம் அட்டையோடு சேர்த்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அவர் மலையேறினார்.