கம்புக்கு முன்னால் கால்: சிலம்பம் பழகுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

செங்கோட்டையை அடுத்த புளியறைச் சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறினால் கேரளத்தின் ஆரியங்காவு. மலைக்கு அந்தப் பக்கம் களரி, தெற்கே குமரி வரை அடிமுறையும் வர்மமும், இந்தப் பக்கம் சிலம்பம். எதைப் பழகினாலும் கால் நிலைக்காமல் கை தேறாது. சீனத்தின் தாய்ச்சியும் இப்படிக் காலை நிலைநிறுத்திப் பழகும் கலைதான். 2020-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பிள்ளையைச் சிலம்பத்துக்கு அனுப்பும் பெற்றோரும், தாமே பழக வருவோரும் இவற்றை மனதில் வையுங்கள்.

செய்ய வேண்டியவை

1. உங்கள் உயரத்துக்கு ஏற்ற கம்பை எடுங்கள். நிமிர்ந்து நின்றால் தரையிலிருந்து நெற்றி வரை வர வேண்டும். அண்ணன் கம்பைத் தம்பிக்குக் கொடுத்தால் மணிக்கட்டு வலிக்கும், வீச்சும் கோணும்.

2. வெறுங்கையோடு காலடி பழகுங்கள். முன்னங்கால் மண்ணில் படும்போது உடல் எடை எந்தக் காலில் நிற்கிறது, பின்னங்குதிகால் எப்போது எழும்புகிறது என்று கவனியுங்கள். அடி மாறும்போது தலை மேலும் கீழும் ஆடினால் முழங்கால் சரியாக மடங்கவில்லை.

3. தெரிந்த வீச்சையும் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். 1956-இல் சீனத்தில் தொகுத்த 24 அசைவுத் தாய்ச்சியை முடிக்க ஐந்தாறு நிமிடம் ஆகும். அந்த நிதானத்தில் ஒரு தடுமாற்றமும் ஒளிய முடியாது. வேகமாகச் சுற்றும்போது தப்பிவிடும் பிழை, மெதுவாகச் சுற்றினால் கையில் பிடிபடும்.

4. வலக்கைக்குத் தந்த நேரத்தை இடக்கைக்கும் தாருங்கள்.

5. இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய்க் காற்றும் சாரலும் ஓயாது. தரை வழுக்கும் நாளில் கொட்டகைக்குள் நின்று காலடி மட்டும் பழகுங்கள்.

6. நனைந்த கம்பைத் துடைத்து, நல்லெண்ணெய் தடவி, நிழலில் கிடத்தி வையுங்கள். ஈரத்தோடு சுவரில் சாத்தினால் வளையும்.

செய்யக்கூடாதவை

1. யூடியூப் பார்த்துச் சுருள்வாளைத் தொடாதீர்கள். அதன் தகடு வீசியவர் மேலேயே திரும்பிப் பாயும். கம்பு கைக்கு அடங்கிய பிறகு, ஆசான் சொன்னால் மட்டும் எடுங்கள்.

2. வர்மம் சொல்லித் தரும்படி நச்சரிக்காதீர்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது மரபுக் கணக்கு. அடிக்கும் இடத்தோடு, அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறையையும் கற்றாக வேண்டும். அதற்குப் பொறுமையும் நல்ல குணமும் உள்ள மாணவரை ஆசானே தேர்ந்தெடுப்பார்.

3. ஆறு மாதத்துக்கு ஓர் ஆசான் என்று மாறாதீர்கள். ஒருவரிடம் அடிவரிசை முடியட்டும்.

4. வலியை மறைக்காதீர்கள். முழங்காலோ தோளோ வலித்தால் அன்றே ஆசானிடம் சொல்லுங்கள்.

5. இளையவரோடு கம்பு மோதும்போது பலம் காட்டாதீர்கள். தொட வந்த கம்பை உடம்புக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்தத் தெரிவதுதான் தேர்ச்சி.

6. சான்றிதழுக்காகப் பிள்ளையை விரட்டாதீர்கள். பதக்கம் வாங்கிய கையோடு கம்பைப் போட்டுவிட்டால் கலை தங்காது.

பழகத் தொடங்கிய பிள்ளை இந்த வருஷக் கோயில் கொடையில் ஆடாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. கால் நின்றபின், அடுத்த கொடைக்கோ அதற்கடுத்த கொடைக்கோ ஆடட்டும். அதுவரை நாள் தவறாமல் அனுப்பிவையுங்கள்.