பாதைக்கேற்ற சக்கரம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

தமிழ்நாடு அரசு பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டிகளை வழங்கி வருகிறது. புதிய வண்டியின் மணியையும் கைப்பிடியையும் ஆவலோடு தொட்டுப் பார்க்கும் நாம், தரையைத் தொட்டு நம்மைத் தாங்கும் டயரைக் கூர்ந்து நோக்குவதில்லை. ‘மெல்லிய டயரே விரைந்தோடும், காற்றைக் கல்போல் நிரப்பினால் மிதிப்பது எளிது’ என்னும் எண்ணம் பலரிடமும் உண்டு. அது எல்லாப் பாதைக்கும் பொருந்துமா? கரிசல் மண்ணிலிருந்து புறப்பட்டு, பிரான்சு நாட்டின் கல் பாவிய சாலைகள்வரை சென்று விடை தேடுவோம்.

கரிசல் வழியில்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை அடுத்து அமைந்த ஊர் நாரணாபுரம். பட்டாசுத் தொழிலோடு பின்னிப் பிணைந்தது இவ்வட்டாரத்தின் வாழ்வு. இங்கிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு மிதிவண்டியில் செல்லும் மாணவி ஒருத்தியை மனக்கண்ணில் கொண்டுவருவோம். அவள் வீட்டுத் திண்ணையோரம் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று அவளுடைய புதிய வண்டி. மற்றொன்று, தொழிற்சாலைக்குச் செல்லும் தந்தையின் பழைய வண்டி.

தார்ச்சாலையில் வழுக்கிக்கொண்டு ஓடும் அவளது வண்டி, சரளைக்கல் பரவிய பாதையில் இறங்கியதும் துள்ளத் தொடங்குகிறது. கைகள் மரத்துப்போகின்றன, பின்னிருக்கையில் கட்டிய புத்தகப்பை நழுவுகிறது. காற்று மிகுதியாக இருப்பதே காரணம் என்றெண்ணிப் பெருமளவு திறந்துவிடுகிறாள். மறுநாள் ஒரு கல்லின்மேல் ஏறி இறங்கியபோது டியூபில் அருகருகே இரண்டு துளைகள் விழுகின்றன. வண்டியைத் தள்ளிக்கொண்டு பள்ளியை அடைவதற்குள் முதல் பாடவேளை முடிந்துவிடுகிறது. செய்த வேலைக்கேற்பக் கூலி பெறும் ஒருவருக்கு இதே நிலை நேர்ந்தால், இழந்த நேரம் கூலியிலும் குறையும். ஆகவே, டயரைத் தேர்வதும் அதில் காற்றை அளந்து நிரப்புவதும் பந்தய வீரர்களுக்கு மட்டும் உரிய கவலைகள் அல்ல.

சுமையைத் தாங்கும் காற்று

1888ஆம் ஆண்டு, பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அதற்கு முன்னர் மிதிவண்டிச் சக்கரங்களில் திண்ணிய ரப்பர் பட்டைகளே இருந்தன. கல்லின் அதிர்ச்சி முழுவதும் ஓட்டுபவரின் உடலுக்கே சென்றது. டன்லப்பின் டயர் அந்த அதிர்ச்சியைக் காற்றிடம் ஒப்படைத்தது.

வண்டியின் எடையைத் தாங்குவதும் அக்காற்றின் அழுத்தமே. ஓட்டுபவர், வண்டி, புத்தகப்பை ஆகியவற்றின் மொத்த எடை 80 கிலோகிராம் எனக் கொள்வோம். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு, அதாவது 48 கிலோகிராம், பின்சக்கரத்தின்மீது விழுகிறது. டயரின் காற்றழுத்தம் ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு 4 கிலோகிராம் எனில், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 12 சதுரச் சென்டிமீட்டராக இருக்கும். அழுத்தத்தை 3 கிலோகிராமாகக் குறைத்தால் அப்பரப்பு 16 சதுரச் சென்டிமீட்டராக விரியும்.

இரண்டு டயர்களில் ஒரே அழுத்தம் இருந்தால், அகலமானதும் குறுகியதும் ஏறத்தாழ ஒரே அளவு பரப்பில்தான் தரையைத் தொடுகின்றன, வேறுபடுவது வடிவமே. குறுகிய டயரின் தடம் நீண்டு மெலிந்திருக்கும். அகன்ற டயரின் தடம் நீளம் குறைந்து விரிந்திருக்கும். நீண்ட தடத்திற்காகக் குறுகிய டயரின் பக்கச்சுவர் கூடுதலாக வளைகிறது. ரப்பர் வளைந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் சிறிது ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. எனவே, ‘அகன்ற டயர் தரையைக் கூடுதலாக உரசுவதால் வேகம் குறையும்’ என்னும் கூற்று, அழுத்தத்தைக் கருதாமல் சொல்லப்படுவதாகும்.

கற்கள் கற்பித்த பாடம்

இவ்வுண்மை கடுமையாகச் சோதிக்கப்படும் களம், பிரான்சு நாட்டின் வடபகுதியில் நடைபெறும் பாரிஸ் – ரூபே மிதிவண்டிப் பந்தயம். 1896ஆம் ஆண்டு தொடங்கிய இப்பந்தயத்தின் தொலைவு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். அதில் 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு, கருங்கல் பாவிய பழைய வயல்வெளிச் சாலைகளாகும். கற்களின் விளிம்புகள் மேலும் கீழுமாக நிற்கும். மழை பெய்தால் சேறு படிந்து வழுக்கும். வெயில் காய்ந்தால் புழுதி கண்ணை மறைக்கும். 2021ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கான பந்தயமும் இச்சாலைகளில் நடைபெறுகிறது.

இப்பாதையின் புகழ்பெற்ற பகுதி அரென்பெர்க் காட்டுச் சாலை. அது 1968ஆம் ஆண்டு பந்தயத்தில் சேர்க்கப்பட்டது. அதனைப் பரிந்துரைத்த வீரர் ழான் ஸ்டாப்லின்ஸ்கி, இளமையில் அப்பகுதியின் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். உழைப்பாளர் நடந்த பாதையே உலக வீரர்களின் தேர்வுக்களமாயிற்று.

நெடுங்காலமாகச் சாலைப் பந்தய வீரர்கள் 23 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்களையே விரும்பினர். இக்கற்பாதைக்கு மட்டும் சற்று அகன்ற டயர்களைப் பூட்டினர். பின்னர் 28, 30, 32 மில்லிமீட்டர் என அகலம் வளர்ந்தது, காற்றழுத்தம் தாழ்ந்தது. சக்கர விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பழைய பிரேக்குகள் டயரின் அகலத்துக்கு எல்லை வகுத்திருந்தன. வட்டுப் பிரேக்குகள் பரவியதும் அத்தடை நீங்கியது. இன்று வழவழப்பான சாலைகளில் நடைபெறும் பந்தயங்களிலும் 28 மில்லிமீட்டர் டயர்கள் இயல்பாகிவிட்டன.

ஆய்வுக்கூடமும் சாலையும்

இவ்வுண்மையை அறியக் காலம் பிடித்தது ஏன்? டயர்களைச் சோதிப்போர் அவற்றைப் பெரும்பாலும் வழவழப்பான உருளைமீது சுழலவிட்டனர். அங்கு, காற்றழுத்தம் கூடக்கூடத் தடை குறைந்தது. ‘மேலும் காற்று, மேலும் வேகம்’ என்னும் முடிவு அவ்வாறு பிறந்தது. உருளையின்மீது கல் இல்லை. வண்டியின்மீது மனிதரும் இல்லை.

கரடுமுரடான பாதையில், மிகவும் இறுகிய டயர் கல்லின் வடிவத்துக்கு வளைந்துகொடுப்பதில்லை. அது வண்டியையும் ஓட்டுபவரையும் ஒவ்வொரு கல்லிலும் மேலே தூக்குகிறது. முன்னேறச் செலவாக வேண்டிய ஆற்றல், உடலை அதிரச் செய்வதில் கரைகிறது. போதிய மென்மையுள்ள டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருள்கிறது. ஆய்வின் முடிவு பிழையன்று; அது வழவழப்பான தளத்துக்கு மட்டுமே உரியது. சோதிக்கும் தளமும் பயன்படும் தளமும் வேறுபட்டால், சரியான அளவீடும் தவறான வழியைக் காட்டும்.

அகலத்தின் எல்லை

அழுத்தத்தைக் குறைத்தால் போதுமெனில் அகலம் எதற்கு? குறுகிய டயரில் காற்று குறைந்தால் கல் ரப்பரை அமுக்கி உலோக விளிம்பைத் தொட்டுவிடும். கல்லுக்கும் விளிம்புக்கும் இடையில் நசுங்கும் டியூபில் இரண்டு துளைகள் விழும். நம் மாணவிக்கு நேர்ந்ததும் இதுவே. அகன்ற டயர் உயரமும் மிகுந்ததாதலால், குறைந்த அழுத்தத்திலும் விளிம்பைக் காக்கிறது.

எனினும், அகலம் மிகுவதெல்லாம் நன்றன்று. அகன்ற டயரின் எடை கூடும். மிகுந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பும் கூடும். மரத்தளப் பந்தயக்கூடத்தில் மெல்லிய டயரே பொருந்தும். மேலும், கரிசல் நிலத்தில் மழைக்காலத்தின் பாடம் வேறு. ஒட்டும் களிமண், டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அங்கு டயரின் அகலத்தைப் போலவே அதைச் சுற்றியுள்ள இடைவெளியும் இன்றியமையாதது.

தெரிந்து தெளிவோம்

டயரின் பக்கச்சுவரில் 37-590 அல்லது 40-635 என்பது போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலத்தையும், இரண்டாம் எண் டயர் பொருந்தி அமரும் விளிம்பின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கும். டயரை மாற்றும்போது இரண்டாம் எண் மாறக்கூடாது. ‘26 அங்குலம்’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் பொருந்தாமல் போகலாம். 26 × 1⅜ என்பதன் விட்டம் 590 மில்லிமீட்டர். 26 × 1.75 என்பதன் விட்டம் 559 மில்லிமீட்டர்.

திண்ணையோரம் நிற்கும் வண்டி

இப்போது நாரணாபுரத்துத் திண்ணைக்குத் திரும்புவோம். தந்தையின் பழைய வண்டியில் இருப்பது 28 × 1½ அளவுள்ள டயர். அதன் அகலம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். உலக வீரர்கள் கற்பாதைக்கெனத் தேர்ந்த அகலத்தை, சுமையேற்றிச் செல்லும் நம் ஊர் வண்டிகள் முன்பே பெற்றிருந்தன. விரைவு அவற்றின் நோக்கமன்று. மண்சாலையில் மனிதரையும் மூட்டையையும் பழுதின்றிக் கொண்டுசேர்ப்பதே நோக்கம். பாதையும் சுமையுமே அங்கு அளவை முடிவு செய்தன.

மாணவி புதிய டயர் வாங்க வேண்டியதில்லை. பக்கச்சுவரில் குறித்துள்ள உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல், வண்டியில் அமரும்போது டயரின் அடிப்பகுதி சற்றே பிதுங்கும் அளவுக்குக் காற்றை நிரப்பினால் போதும். பின்சக்கரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் முன்சக்கரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். டியூபிலிருந்து காற்று மெல்லக் கசியுமாதலால் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். டயர் தேய்ந்து மாற்றும் நாளில், வண்டியின் இடைவெளி இடம்தந்தால், ஒரு படி அகன்றதைத் தேரலாம்.

எது சிறந்த டயர் என்று கேட்பதற்கு முன், எந்தப் பாதைக்கு என்று கேட்க வேண்டும். அவ்வினாவை மறவாதவர், முதல் மணி ஒலிக்கும் முன்னரே வகுப்பறையில் இருப்பார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மிதிவண்டி டயரில் உள்ள எண்களைக் குறித்து, அவற்றின் பொருளை வகுப்பில் விளக்குக.
2. வீட்டிலிருந்து பள்ளிவரை உள்ள பாதையைத் தார், சரளை, மண் எனப் பிரித்து வரைக. அதற்கேற்ற டயரைக் காரணத்துடன் பரிந்துரைக்க.
3. மிதிவண்டி பழுதுபார்ப்பவர் ஒருவரைச் சந்தித்து, மழைக்காலத்திலும் கோடைக்காலத்திலும் டியூபுக்கு நேரும் பழுதுகளைக் கேட்டுத் தொகுக்க.
4. ‘சோதிக்கும் தளமும் பயன்படும் தளமும் ஒத்திருக்க வேண்டும்’ – இக்கருத்தை வேறொரு துறைக்குப் பொருத்தி ஒரு பக்க அளவில் எழுதுக.