தகுதி போதாது என்று திருப்பி அனுப்பினால்

அரசாங்க வேலைக்கான நேர்முகப் பரீட்சையில் "உங்களுக்குத் தகுதி போதாது, போகலாம்" என்று சொல்லிவிட்டால், நம் பிள்ளைகளில் பலர் பதில் பேசாமல் ஹட்டன் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். பிறகு தோட்டத் தலைவரிடம் சொல்லி, அவர் சங்கக் காரியாலயத்தில் சொல்லி, அரசியல்வாதி ஒருவரின் சிபாரிசுக் கடிதம் கைக்கு வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவதோ ஒரே ஒரு மாதம். சிபாரிசுக் கடிதம் அந்த ஒரு மாதத்தை நீட்டித் தராது. காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், மறுக்கப்பட்ட அன்றிலிருந்தே நாளை எண்ணுங்கள்.

விண்ணப்பிக்கும் முன்

வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் தகுதிப் பந்தியை மட்டும் படித்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள். சாதாரண தரத்தில் ஆறு பாடச் சித்தி என்றால் எத்தனை அமர்வுக்குள், எந்தப் பாடங்களில் திறமைச் சித்தி, உயர்தரப் பாடங்கள் ஒரே அமர்விலா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கணிதத்தை மூன்றாவது தடவையில் சித்தியடைந்தவருக்கு "இரண்டு அமர்வுகளுக்கு மேற்படாமல்" என்ற மூன்று சொற்களே வழக்காகிவிடும்.

அடுத்தது திகதி. தகுதி எல்லாம் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்பே பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதே வழமையான நிபந்தனை. பட்டதாரிகள் இங்கேதான் அதிகம் அடிபடுகிறார்கள். பட்டமளிப்பு விழா நடந்த நாள் வேறு, பட்டம் அமுலாகும் நாள் வேறு. விழா ஒரு வருடம் தள்ளிப்போனாலும் அமுலாகும் திகதி முன்னதாகவே இருக்கலாம். அந்தத் திகதியைக் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தால் பாதிப் பிணக்கு நேர்முக மேசையிலேயே தீர்ந்துவிடும்.

அறிவித்தலின் கடைசிப் பந்திகளையும் விடாதீர்கள். மூன்று மொழிப் பிரதிகளுக்கிடையே முரண்பாடு வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தமிழ்ப் பிரதியை மட்டும் நம்பி விண்ணப்பிக்கும் நமக்கு இது பெரிய அநியாயம். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு சொல்லும் நாட்டில் இந்த வரி இன்னும் அச்சாகக் கூடாது. ஆனாலும் அது இருக்கும்வரை, சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துத் தகுதிப் பந்தியை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் இரண்டு பிரதிகளையும் எடுத்து வையுங்கள், மேன்முறையீட்டில் உதவும்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தொலைக்கல்வியில் படித்தவர்கள், அந்தப் பட்டம் இங்கே அங்கீகரிக்கப்படுகிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். உயர் டிப்ளோமாக்காரர்களுக்கும் இதே கவனம் தேவை. கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவை வணிகப் பட்டத்துக்குச் சமமாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டு ஊர்வலம் போன மாணவர்கள் 2015 ஒக்டோபர் 29 அன்று கொழும்பு வார்ட் பிளேஸில் பொலிஸாரின் தடியடி வாங்கினார்கள். சமம் என்று நண்பர்கள் சொல்வது செல்லாது. எந்தச் சுற்றறிக்கை அப்படிச் சொல்கிறது, அது இன்னும் நடைமுறையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

பெயர்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இத்தனை தொல்லை தரும் விஷயம் வேறில்லை. பிறப்புச் சான்றிதழில் "லெட்சுமி", பரீட்சைப் பெறுபேற்றில் "லக்ஷ்மி", அடையாள அட்டையில் சிங்களத்திலிருந்து திரும்ப எழுதப்பட்ட இன்னொரு எழுத்துக்கூட்டு. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னால் இருக்கும், ஓரிடத்தில் இருக்கவே இருக்காது. தமிழ் தெரியாத பதிவாளர் ஒருவர் அன்று காதில் விழுந்ததை எழுதியதற்கு, இருபது வருடம் கழித்துப் பிள்ளை பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேர்முகத்துக்குக் கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள். எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சிறு வித்தியாசம் என்றால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு வைத்துக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்த விண்ணப்பம் கொடுங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் உயர்தரம் எழுதும் வருடமே தொடங்குவது நல்லது.

ஆவணம் கையில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை நாடே பார்த்தது. கலாநிதிப் பட்டம் பற்றி எழுந்த சர்ச்சையில், அதற்கான ஆவணங்களை உடனே முன்வைக்க முடியாத நிலையில், சபாநாயகர் அசோக ரன்வல 2024 டிசம்பர் 13 அன்று பதவி விலகினார்.

மறுக்கப்பட்ட அன்று

அனுமதி அட்டை வந்தது, பரீட்சையும் எழுதினேன், இப்போது எப்படித் தகுதியில்லை என்கிறார்கள் என்று வாதாடாதீர்கள். அனுமதி அட்டை அனுப்புவது தகுதியை ஏற்றுக்கொண்டதாகாது என்று வர்த்தமானியே சொல்லிவிடும். அதற்குப் பதிலாக, "ஐயா, எந்தப் பந்தியின்படி நான் தகுதியற்றவர் என்பதை எழுத்தில் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். தர மறுத்தால், நடந்ததைத் திகதி, நேரத்தோடு எழுதி அன்றே பதிவுத் தபாலில் அந்தத் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். அந்தத் துண்டுச் சீட்டு பிறகு சாட்சியாக நிற்கும்.

மறுப்புக் கடிதம் தபாலில் வந்தால் கடித உறையை எறிந்துவிடாதீர்கள். லயத்து முகவரிக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்தில் நாட்கணக்கில் கிடப்பது நமக்குப் புதிதல்ல. உறை மேலுள்ள தபால் முத்திரைதான் தாமதத்துக்கு ஆதாரம். கைக்கு வந்த திகதியை உறையிலேயே எழுதி, கொண்டுவந்து கொடுத்தவரின் கையொப்பத்தையும் வாங்குங்கள். முடிந்தால் நகரத்தில் நம்பிக்கையானவர் ஒருவரின் முகவரியை விண்ணப்பத்தில் போடுங்கள்.

மேன்முறையீடும் தகவல் கோரிக்கையும் ஒரே வாரத்தில்

மேன்முறையீடு ஒரு பக்கம் போதும். குடும்பக் கஷ்டத்தை எழுத இது இடமல்ல. "இந்தத் திகதிய வர்த்தமானியின் இந்தப் பந்தி கோருவது இது. என்னிடம் உள்ள சான்று இது, இணைப்பு 1. ஆகவே முடிவை மீளாய்வு செய்யுங்கள்" என்றால் போதும். மத்திய மாகாணப் பாடசாலை நியமனம் என்றால் கண்டியிலுள்ள மாகாண அதிகாரிகளுக்கும் மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கும், மத்திய அரசின் சேவை என்றால் நியமன அதிகாரிக்கும் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள்.

கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நேர்முகப் புள்ளித்திட்டம், உங்களுக்கு வழங்கிய புள்ளி, ஆட்சேர்ப்புத் திட்டத்தின் பிரதி ஆகியவற்றைக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஆனால் பதில் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த ஒரு மாதம் கரைந்துவிடும்.

நியமனம் கிடைத்த பிறகும் தகுதிப் பிணக்கு முடிவதில்லை. 2014இல் விண்ணப்பம் கோரி 3,000க்கும் மேற்பட்ட மலையக ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தபோது மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவு, பிறகு 10,000. பயிற்சியை முடித்தால்தான் ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கல். வீதியில் எத்தனை போராட்டம் நடந்தாலும், ஒவ்வொருவரின் கோரிக்கையும் கடைசியில் நியமனக் கடிதத்தின் நிபந்தனையிலும் சேவைப் பிரமாணக் குறிப்பிலும்தான் போய் நின்றது. கடிதம் வந்த நாளிலேயே நிபந்தனைகளைப் படித்து, எதை எப்போது முடிக்க வேண்டும் என்று குறித்து வையுங்கள்.

மாதம் முடியும் முன்

மூன்றாவது வாரத்திலும் பதில் இல்லை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் உயர் நீதிமன்ற மனுவுக்கான மாதத்தில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. வெறும் முறைப்பாட்டுச் சீட்டை மட்டும் நம்பக் கூடாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட இலக்கம், அழைப்புக் கடிதம் எல்லாம் வேண்டும்.

அரசாங்க சேவை ஆணைக்குழுவின் முடிவுகளை அடிப்படை உரிமை மனு தவிர வேறு வழியில் நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதை அரசியலமைப்பின் 61அ உறுப்புரை தடுக்கிறது. ரிட் மனு போடலாம், அவசரமில்லை என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பற்றிக் கேளுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நுவரெலியா நிலையத்துக்குப் போகலாம். போகும்போது மூன்று மொழி வர்த்தமானிப் பிரதிகள், சான்றிதழ்கள், மறுப்புக் கடிதம், அது வந்த உறை, பதிவுத் தபால் துண்டுகள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.